கொள்ளிடம் காலியாகக் கிடக்கவில்லை

சென்ற இதழில் கொள்ளிடத்தைப் பற்றி வெளியான கட்டுரைக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்டுரையாளரின் பெயரை இங்கே இழுக்க விரும்பவில்லை. மேட்டூர் நிரம்பும் ஒவ்வொரு ஆண்டும் தொலைக்காட்சி விவாதங்களிலும் மேடைகளிலும் டீக்கடைகளிலும் இதே வாதம் கேட்கிறது. அவர் அதைக் கோத்துச் சீராக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். சீராக எழுதப்பட்ட தவறு நம்பப்படும் என்பதால்தான் அதை வரிக்கு வரி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் சொல்வது இது. கொள்ளிடம் வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. தண்ணீர் வரும் கொஞ்ச நாட்களிலும் அதைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆகவே அது வீண் ஆறு. முக்கொம்பிலிருந்து கடல்வரை வரிசையாக அணைகள் போட்டு மறித்துவிட்டால் ஆற்றின் அகலத்தில் பாதி போதும். மிச்சப் படுகையை மண்ணடித்து மேடாக்கி, இடமில்லாமல் நெருக்கும் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் கொடுத்துவிடலாம். கரிகாலன் கல்லணையில் செய்ததும் இதைத்தான். நிலத்தின் ஏற்ற இறக்கம் ஊரைத் தீர்மானித்த காலம் பாடப்புத்தகத்தோடு முடிந்துவிட்டது, இனி காங்கிரீட் தீர்மானிக்கும்.

இதில் ஒன்றுகூடத் தேறாது.

முதலில் கணக்கு, ஏனென்றால் அந்தக் கட்டுரையில் இல்லாதது அதுதான். பல பக்கங்களுக்கு ஆற்றை மறிப்பதைப் பற்றி எழுதியவர் எவ்வளவு தண்ணீரை, எத்தனை மணி நேரத்துக்கு, எங்கே நிறுத்துவது என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. அது நாளொன்றுக்கு 17 டிஎம்சிக்கு மேல். கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியின் குறுக்கே கட்டிய கதவணை நம் கண்ணுக்குப் பெரிய கட்டுமானம். அதில் நிற்பது ஏறத்தாழ ஒரு டிஎம்சி. அந்த வெள்ளத்துக்கு அதை நிரப்ப ஒன்றரை மணி நேரம் போதும். கொள்ளிடத்தில் மாயனூர் அளவில் பத்து கதவணைகள் கட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். காலையில் வந்த வெள்ளம் அன்று இரவுக்குள் பத்தையும் நிரப்பிவிடும். மறுநாள் காலையும் அதே 2 லட்சம் வரும். அதற்கு அடுத்த நாளும் வரும். அப்போது பத்துக் கதவணைகளின் ஷட்டர்களையும் முழுக்கத் தூக்கியாக வேண்டும். தண்ணீர் எங்கே போகும்? கடலுக்குத்தான் போகும். ஆனால் கட்டுரையாளரின் திட்டப்படி அப்போது ஆறு பாதி அகலத்தில் இருக்கும், மீதிப் பாதியில் வீடுகள் இருக்கும்.

மேட்டூர் 93.47 டிஎம்சியைத் தாங்குகிறது என்றால், அங்கே பாலமலையும் சீதாமலையும் இருபுறமும் நிற்கின்றன. 120 அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்க மலைகள் தோள்கொடுக்கின்றன. முக்கொம்புக்குக் கிழக்கே அப்படி என்ன இருக்கிறது? திருச்சி மலைக்கோட்டையைத் தாண்டினால் கடல்வரை தட்டையான வண்டல் பூமி. கரைக்குள் சில அடி ஆழத்துக்கு நிறுத்தலாம். அதற்கு மேல் நிறுத்தினால் அது லால்குடி வயலிலும் திருவையாற்றுத் தெருவிலும் நிற்கும். அணை கட்ட மலை வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த நில அமைப்பு. அதைக் காங்கிரீட்டால் ஈடுகட்டலாம் என்கிறவர், நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்கு இருபக்கமும் மேட்டூர் உயரத்தில் சுவர் எழுப்பச் சொல்கிறாரா? அப்படியானால் அதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது கரிகாலன். கட்டுரையில் மிகவும் வருந்தவைத்த பகுதி இதுதான். ஒரு பெரும் பொறியியல் அறிவை அதற்கு நேர் எதிரான காரியத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. நடுவே ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் இருக்கும் தீவு. கிழக்கே கல்லணை அருகில் இரண்டும் மறுபடி ஒன்றையொன்று நெருங்குகின்றன. இந்த இரண்டில் கொள்ளிடம் தாழ்ந்த ஆறு. கடலுக்கு அது போகும் வழி நேரானது, சரிவும் கூடுதல். காவிரியோ தான் கொண்டுவந்த வண்டலின் மேலேயே உயர்ந்து ஓடுகிற ஆறு. தண்ணீரை அதன் போக்கில் விட்டால் அது கொள்ளிடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். தஞ்சைத் தரணியின் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் மேட்டிலிருந்து தானாக இறங்கிப் பாய்கிறதென்றால், காவிரி அந்த உயரத்தில் ஓடுவதுதான் காரணம். காவிரி கடலை நெருங்க நெருங்க அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன் என்று கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்துபோகிறது. பூம்புகாரில் அது கடலைச் சேரும் இடத்தைப் பார்க்கிறவர்கள், இதுவா காவிரி என்று கேட்பார்கள். வயலுக்குள் பிரிந்து மறைவதற்கான ஆறு அது. பெருவெள்ளத்தைச் சுமந்து கடல் சேர்ப்பது அதன் உடம்புக்கு ஒத்துவராத வேலை.

கல்லணை இருக்கும் இடத்தில் காவிரி மறுபடி கொள்ளிடத்துக்குள் இறங்கப் பார்த்தது. சங்க காலச் சோழன் கரிகாலன் பெயரால் நாம் வழங்கும் அந்த அணை, ஆயிரம் அடிக்குச் சற்று மேலான நீளத்தில், செதுக்காத கற்களை ஆற்று மணலிலேயே இறக்கி, வளைந்து வளைந்து போட்ட தாழ்ந்த கல்வரி. அதன் முழு நுட்பமும் அந்தத் தாழ்விலேதான் இருந்தது. சாதாரண நாளில் ஓடும் தண்ணீர் அதில் முட்டிக் காவிரியிலேயே நிற்கும். வெள்ளம் வந்தால் அணையின் தலைமேல் வழிந்து கொள்ளிடத்தில் விழும். பாசனத் தண்ணீர் காவிரிக்கு, வெள்ளம் கொள்ளிடத்துக்கு. கரிகாலன் கொள்ளிடத்தை மூடவில்லை. கொள்ளிடம் திறந்து கிடந்ததால்தான் அவனால் காவிரியை நம்பி ஊர்களை உட்காரவைக்க முடிந்தது. கொள்ளிடம் அடைபட்டிருந்தால் அந்தக் கல்வரி ஒரு ஆடிக்குக்கூட நின்றிருக்காது.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கும் காலம் பிடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரித் தலைப்பில் மணல் ஏறி, முக்கொம்பிலேயே தண்ணீரின் பெரும்பங்கு கொள்ளிடத்துக்குப் போகத் தொடங்கியது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிக் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கட்டிய சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழாகியது. காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து தலைப்பை அரித்து ஆழமாக்கியது. இப்போது காவிரியின் குறுக்கே ஒரு தடுப்பு போட்டாக வேண்டியதாயிற்று. ஒரு கிளையில் கைவைத்தால் மறு கிளை நடுங்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே எழுதிவைத்த பாடம் இது. கல்லணையின் மணல் அடித்தளத்தைப் பார்த்துக் கற்ற காட்டன்தான் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1852-இல் முடித்தார். கற்க வந்தவர் கற்றுப் போனார். இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அதையே திருப்பிப் படிக்கிறார்கள்.

காங்கிரீட் எல்லாவற்றையும் வெல்லும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். லூசியானாவில் மிசிசிப்பிக்கு ஒரு கொள்ளிடம் இருக்கிறது. அதன் பெயர் அச்சாஃபலாயா. அதுவும் தாழ்வானது, கடலுக்குக் குறுக்கு வழி. மிசிசிப்பி அதற்குள் முழுதாக இறங்கிவிட்டால் பேட்டன் ரூஜும் நியூ ஆர்லியன்ஸும் நல்ல தண்ணீரையும் துறைமுகத்தையும் இழக்கும். அதைத் தடுக்க ராணுவப் பொறியாளர்கள் 1963-இல் ஒரு பெரும் கட்டுப்பாட்டு அமைப்பைக் கட்டி முடித்தார்கள். உலகத்தின் பணமும் எந்திரமும் கையில் இருந்தும் அவர்கள் அச்சாஃபலாயாவை மூடவில்லை. தண்ணீரில் சுமார் முப்பது சதவீதம் எப்போதும் அதில் ஓட வேண்டும் என்று பங்கு வைத்தார்கள். பெருவெள்ளத்துக்கென்று தனியாக இன்னும் வடிகால் மதகுகள் வைத்தார்கள். அப்படியிருந்தும் 1973 வெள்ளம் அந்தக் கட்டுமானத்தின் அடியைத் தோண்டிச் சாய்க்கப் பார்த்தது. கட்டுரையாளர் சொல்லும் நவீன காலம் இப்படித்தான் நடந்துகொள்கிறது.

இனி, ஊர் எங்கே உட்கார்ந்தது என்பதைப் பார்ப்போம்.

நிலம் ஊரைத் தீர்மானிப்பது பழங்கதை என்று எழுதும்போது அவர் இந்தியாவின் கிழக்குக் கரை வரைபடத்தை விரித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை. மகாநதி டெல்டாவின் தலையில் கட்டாக், கோதாவரிக்கு ராஜமகேந்திரவரம், கிருஷ்ணாவுக்கு விஜயவாடா, காவிரிக்குத் திருச்சி. எகிப்தில் நைல் டெல்டாவின் தலையில் கெய்ரோ. கடினப் பாறை முடிந்து வண்டல் தொடங்குகிற விளிம்பில்தான் இந்த ஊர்களெல்லாம் இருக்கின்றன. அங்கேதான் ஆற்றைக் கடக்க உறுதியான கரை கிடைக்கும். அங்கேதான் மேட்டு நிலத்துச் சரக்கும் வயல் நெல்லும் கைமாறும். பாசனத்தின் சாவியும் அங்கேதான் இருக்கும். திருச்சியில் ஆற்றைக் கடப்பதற்குத் தீவும் துணைசெய்தது. ஒரு பெரும் பரப்பை ஒரே மூச்சில் தாண்டாமல் இரண்டாகப் பிரித்துத் தாண்டலாம். உறையூர் சோழர் தலைநகரானதும், 1751 முதல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த மலைக்கோட்டைக்காக மோதியதும், பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முடங்கி 1752-இல் சரணடைந்ததும் இந்த நிலத்தின் மேல்தான்.

அந்தக் காலத்து மக்கள் எதை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, மேட்டின் ஓரத்தை ஒட்டியே வளைந்து, இன்றைய மாநகரத்துக்குள் புகுந்து, எழுபது கிலோமீட்டர் அளவுக்கு ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. முதலாம் ராஜராஜன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வாய்க்கால் அது. நில மட்டத்தை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் வெட்டியது. ரயில்வே பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்தபோது பாறை மேட்டைத்தான் தேடிப் போனது. அறுபதுகளில் திருவெறும்பூர்ப் பக்கம் வந்த பாய்லர் ஆலையும் படைக்கலத் தொழிற்சாலையும் மேட்டு நிலத்தில்தான் அமர்ந்தன. படுகையை மட்டும் எல்லோரும் வாழைக்கும் வெற்றிலைக்கும் கரும்புக்கும் விட்டுவைத்தார்கள். வெள்ளம் ஏறினால் ஒரு வாழைத் தோட்டம் போகும். அது பெரிய இழப்புதான், உத்தமர்சீலிப் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் தெரியும். ஆனால் மறு வருஷம் அதே எக்கல் மண்ணில் தார் தள்ளும். வாழை இருக்கும் இடத்தில் மூன்று மாடி வீடு இருந்தால், அடுத்த வருஷம் எதுவும் தள்ளாது.

ஊருக்கு இடம் வேண்டும் என்பது உண்மை. அந்த இடம் தெற்கே இருக்கிறது, மேற்கே இருக்கிறது, புதுக்கோட்டைச் சாலையிலும் மதுரைச் சாலையிலும் மேட்டு நிலமாகக் கிடக்கிறது. அங்கே பேருந்தும் குடிநீரும் கொண்டுபோவதற்குச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்க ஆற்றை விற்கச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் உள்ளடக்கம். படுகையை மேடாக்கினால் யாருடைய கையில் அந்த மனைகள் போய்ச் சேரும் என்பதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

இன்னொரு விஷயம் அவர் கண்ணிலேயே படவில்லை. திருச்சியின் மேற்குப் பகுதிக்குத் தெற்கிலிருந்து கோரையாறு வருகிறது, அரியாறு வருகிறது, தஞ்சைப் பக்கத்துக் கிளையின் அதே பெயரில் இங்கே இருக்கும் வேறொரு குடமுருட்டி வழியாகக் காவிரியில் சேர்கிறது. காவிரி மட்டம் தாழ்ந்திருந்தால்தான் இந்தக் காட்டாற்றுத் தண்ணீர் அதற்குள் இறங்கும். காவிரி நிறைந்து ஓடினால் குடமுருட்டி வாயிலேயே தண்ணீர் எதிர்த்துத் தெருவுக்குத் திரும்பும். 1977 நவம்பர்ப் புயல் மழையில் உறையூரும் புத்தூரும் தில்லைநகரும் மூழ்கியதை இந்த ஊரில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். 2005-இலும் ஊருக்குள் தண்ணீர் வந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது காவிரியின் மட்டத்தை இறக்கிவைக்க நம்மிடம் இருக்கும் ஒரே கை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறக்கும் ஷட்டர்கள். கொள்ளிடத்தைப் பாதியாக்கினால் அந்தக் கையும் பாதி. கொள்ளிடக் கரையில் மனை வாங்குகிறவர்களோடு இது முடியாது. ஆற்றிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஆற்றையே பார்க்காமல் இருக்கும் தில்லைநகர்க்காரரின் கூடத்தில் தண்ணீர் ஏறும்.

வீண் என்று அவர் சொல்லும் தண்ணீருக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் வடக்கு வாசல் பக்கம் நின்றால் இந்த வாதத்துக்குப் பதில் நடந்தே வரும். பெரிய கோயிலில் பெருமாளுக்கு ஐப்பசி மாதம் மட்டும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் தீர்த்தம் வருகிறது. மற்ற மாதங்களில் வடதிருக்காவேரி என்று நாங்கள் சொல்லும் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வருகிறது. ஆற்றில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டம் இல்லாத கோடையிலும் தீர்த்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது. மணலுக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டே இருப்பதால் அது முடிகிறது. வறண்டு கிடக்கிறது என்று கட்டுரையாளர் எழுதிய அதே படுகையில் கொஞ்சம் தோண்டினால் ஊற்று கசியும். சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மணலை நம்பிப் பிழைக்கிறார்கள். கிழக்கே திருவானைக்காவில் சம்புகேசுவரர் சன்னிதியில் நீர் ஊறுகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் மணல் தீவில் நிலத்தடி நீர் அவ்வளவு மேலே நிற்கிறது.

வழிபாட்டை விட்டுவிட்டுக் குடிநீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருச்சி மாநகரம் குடிக்கும் தண்ணீர் காவிரி, கொள்ளிடம் இரண்டின் மணலிலும் இறக்கிய நீர் சேகரிப்புக் கிணறுகளிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான தண்ணீரும் திருச்சியில் ஆற்றுமணலிலிருந்துதான் ஏற்றப்படுகிறது. கீழே அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தடுக்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது. 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. சென்னையில் குழாயைத் திறக்கிறவர்கள் வீண் ஆற்றின் தண்ணீரைத்தான் பிடிக்கிறார்கள். அந்த மணலுக்குள் தண்ணீரை ஏற்றுவது எது? அவ்வப்போது கரைகொள்ளாமல் பரந்து ஓடும் அந்த வெள்ளம்தான். ஆற்றை ஒடுக்கினால் வெள்ளம் வேகமாகப் போய்விடும், மணல் குடிக்க நேரம் இருக்காது. இருக்கும் மணலையும் அது அள்ளிக்கொண்டு போகும்.

கடலோரத்தில் கதை இன்னும் கடுமையானது. கொள்ளிடம் பழையாறு, கொடியம்பாளையம் பக்கம் கடலைச் சேர்கிறது. நல்ல தண்ணீர் போய்த் தள்ளாவிட்டால் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. கீழ்க் கொள்ளிடக் கரையூர்களில் கிணறு உப்பானதையும் வயல் உவர் பூத்ததையும் அங்குள்ள விவசாயிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரம் சுரபுன்னைக் காடு நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலப்பதால் வாழ்கிற காடு. இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் இடம் அது. அந்த மீனவர்களுக்குக் கொள்ளிடத்து வெள்ளம் வருமானம். வண்டல் வராத டெல்டாவைக் கடல் தின்னத் தொடங்கும் என்பதை, அஸ்வான் பெரிய அணை 1970-இல் முடிந்த பிறகு நைலின் கடற்கரை அரிப்பில் எகிப்து கண்டுவிட்டது.

இதெல்லாம் சுற்றுச்சூழல்காரர்களின் பேச்சு என்று தள்ள நினைப்பவர்கள் காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பைப் பார்க்கலாம். 740 டிஎம்சியைத் துளித்துளியாகப் பங்குபோட்ட மன்றம், அதிலும் 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கும் 4 டிஎம்சியைத் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கும் என்று தனியே எடுத்துவைத்தது. ஒவ்வொரு டிஎம்சிக்கும் இரண்டு மாநிலங்கள் மல்லுக்கட்டிய இடத்திலேயே, கடலுக்கும் ஒரு கணக்கு வைக்கப்பட்டது.

மணலைப் பற்றி அவர் எழுதியிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. படுகையில் தேங்கிக் கிடக்கும் மணலை முழுக்க அள்ளி விற்றால் அணை கட்டும் செலவே வந்துவிடும் என்கிறார். அள்ளியது போதாதா? 2018 ஆகஸ்டில் என்ன நடந்தது என்பதை ஊரே பார்த்தது. 1928-இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் அந்த வெள்ளத்தில் சாய்ந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது ஷட்டர்கள் தூண்களோடு பெயர்ந்து போயின. ஏறத்தாழ 180 ஆண்டுகள் நின்ற அணை அது. 1924-இல் மேட்டூர் அணையே இல்லாதபோது நான்கு லட்சம் கன அடியைத் தாண்டி வந்த வெள்ளத்தைத் தாங்கிய அணை, அதில் பாதி வெள்ளத்தில் விழுந்தது. வயது ஒரு காரணம், பராமரிப்பு ஒரு காரணம், அதோடு அடிமணல் போனதும் ஒரு காரணம். ஆற்றின் தரை இறங்கினால் அணையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் விழும் உயரம் கூடும். விழும் தண்ணீர் அடித்தளத்தைப் பறிக்கும். மணலில் இறக்கிய தூணுக்கு மணல்தான் பிடிமானம்.

2024 ஆகஸ்டில் மறுபடி பார்த்தோம். இந்த முறை போனது வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டுமானமில்லை. கொள்ளிடம் புதுப் பாலத்தைக் காக்க அண்மையில்தான் கட்டிய தடுப்புச் சுவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின் கோபுரம் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. தண்ணீர் வடிந்தபின் பாலத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு, மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய அடிக்கிணறுகள் வெளியே துருத்திக்கொண்டு நின்றது தெரிந்திருக்கும். கட்டும்போது மணல் எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கான கறைக்கோடு அந்தக் காங்கிரீட்டிலேயே இருக்கிறது. கட்டுரையாளர் நம்பும் எந்திர யுகத்தின் கட்டுமானத்துக்கு, அவர் விற்கச் சொல்லும் மணல் போனதால் வந்த கதி இது. இந்த ஆற்றுக்குள்தான் வீடு கட்டச் சொல்கிறார்.

வெள்ளத்தில் ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்கலாம், நிலம் இடம் கொடுக்கும் இடத்தில் எடுக்க வேண்டும். மேலே, ஆறு இன்னும் உயரத்தில் இருக்கும்போதே, மாயனூரிலிருந்து தெற்கு வெள்ளாறு, வைகை, குண்டாறு வரை கால்வாய் வெட்டும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் ஏரி கண்மாய்களுக்கு வெள்ளத் தண்ணீர் தானாகச் சரிந்து போகும் வழி அது. அதை வேகமாக முடிக்கச் சொல்லி எழுதியிருந்தால் அவரோடு சேர்ந்து நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கால்வாயும் கொள்வது 6,000 கன அடி அளவுதான். 2 லட்சத்தில் அது மூன்று சதவீதம். கல்லணைக் கால்வாயும் வெண்ணாறும் காவிரியும் சில ஆயிரம் கன அடிகளுக்கான உடம்புகள். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகும் மிஞ்சுவதுதான் பெருவெள்ளம். ஆதனூர்–குமாரமங்கலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கதவணை எழுப்பியதை நான் எதிர்க்கவில்லை. ஆற்றின் முழு அகலத்துக்கும் ஷட்டர் வைத்து, வெள்ளத்தில் எல்லாவற்றையும் தூக்கிவிடும் அமைப்பு அது. கடைசித் தண்ணீரைக் கொஞ்ச நாள் நிறுத்தி மணலுக்குள் இறக்கும். ஆற்றை ஒடுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, நல்ல வேலையின் பெயரைக் கெட்ட வேலைக்குச் சூட்டியிருக்கிறார்.

வீணாகும் தண்ணீர் பற்றி உண்மையாகவே கவலை இருந்தால் அவர் திருச்சிக்குள்ளேயே தொடங்கியிருக்கலாம். உய்யக்கொண்டான் இன்று மாநகரத்துக்குள் சாக்கடையையும் பிளாஸ்டிக்கையும் சுமந்துகொண்டு போகிறது. கடைமடை ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் வழியிலேயே கெட்டுப்போகிறது. ஏரிகளுக்குப் போகும் வரத்து வாய்க்கால்கள் வீட்டடியாகிவிட்டன. முக்கொம்புக்கு மேலே வடகரையில் பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலை முழு அளவுக்குத் தூர்வாரி வைத்தால் எத்தனை ஏரி நிரம்பும் என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் எழுந்து கேட்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அங்கே மனை கிடைக்காது.

கட்டுரையாளருக்கு என் கேள்வி ஒன்றுதான். அவர் சொன்னபடி கொள்ளிடம் பாதியாகிவிட்டது, பத்து கதவணைகளும் நிரம்பி நிற்கின்றன, கரைக்குள் குடியிருப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி வந்துகொண்டிருக்கிறது, கோரையாறு நிறைந்து ஓடுகிறது, நேரம் நள்ளிரவு. முக்கொம்பில் ஷட்டர் பக்கத்தில் நிற்கும் லஸ்கர் எந்தக் கதவைத் தூக்க வேண்டும், எந்த ஊரை எழுப்பி மேட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும்? அடுத்த இதழில் அவர் ஊர்ப் பெயரோடு எழுதட்டும்.